திங்கள், புதன், சனி: பேச்சுவார்த்தைக்குப் போகும் நம் சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மீனவ சங்கத் தலைவர்களுக்கு, வணக்கம்.

பாம்பன் தீவில் விசைப்படகு டிரைவராக இருந்தவரின் மகள் எழுதுகிறேன். உங்களில் பல பேரைச் சித்தப்பா, மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள், அதனால் நேராகவே பேசிவிடுகிறேன். நம் விசைப்படகுகள் எல்லைக்கோட்டைத் தாண்டி இலங்கையின் வடக்குக் கடலில் மீன் பிடிக்கிற தகராறைப் பேச, 2025 மார்ச் கடைசியில் நம் ஆட்கள் இலங்கையில் வவுனியாவுக்குப் போய் வடக்கு மீனவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். போனதே பெரிய விஷயம், அதற்கு நன்றி. ஆனால் அங்கேயும் பழைய கதைதான் நடந்தது. நாம் அவகாசம் கேட்டோம், அவர்கள் இழுவைமடியை, கடலடியை வாரி இழுக்கிற அந்த வலையை, முதலில் நிறுத்துங்கள் என்றார்கள், பேச்சு தொடரும் என்று சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் எழுந்து வந்தாயிற்று. அடுத்த சுற்று எப்போது நடந்தாலும், அதற்குப் போகும் முன்னால் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

நாம் இதுவரை என்ன கேட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். 2010 ஆகஸ்டில் அவர்கள் இங்கே வந்து நம் கரையெல்லாம் சுற்றிப் பார்த்து, சென்னையில் ஒரு முடிவுக்கு வந்தோம். அவர்கள் கடலில் இழுவைமடியை ஓராண்டுக்குள் நிறுத்திவிடுவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் போய்வருவது என்று பேச்சு. ஓராண்டு போனது, ஒன்றும் நிற்கவில்லை. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் பேசினோம். 2015 மார்ச்சில் மறுபடி சென்னையில் உட்கார்ந்தபோது மூன்று ஆண்டு கொடுங்கள், ஆண்டுக்கு 83 நாள் கொடுங்கள் என்றோம். அவர்கள் முடியாது என்றார்கள். 2016 நவம்பரில் டெல்லியில் பேசி கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். 2017இல் அவர்கள் நாடாளுமன்றம் இழுவைமடியையே தடை செய்து சட்டம் போட்டுவிட்டது. நாம் இன்னும் நாள் கணக்கோடுதான் போய்க்கொண்டிருக்கிறோம்.

ஏன் நமக்கு நாள்தான் முதலில் வாயில் வருகிறது என்று நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். நம் கரையில் அப்படித்தான் நாம் சண்டையைத் தீர்த்தோம். விசைப்படகு வந்த புதிதில் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் நமக்கும் நடந்த அடிதடியை அப்பா நிறையச் சொல்லியிருக்கிறார். படகு எரிந்தது, ஆள் செத்தது, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. கடைசியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பிரித்துக்கொண்டோம். திங்கள், புதன், சனி நம்முடைய நாள். குறை இருந்தாலும் அந்த ஏற்பாடு நிற்கிறது. அதனால் தகராறு என்றாலே நாளைப் பிரித்தால் தீரும் என்று நமக்கு ரத்தத்தில் ஊறிப்போயிற்று.

ஆனால் நம் கரையில் நாள் பிரித்தபோது, அந்தக் கடல் இரண்டு பேருக்கும் சொந்தம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சொந்தம் உறுதியான பிறகுதான் பங்கு போட்டோம். வடக்கில் அப்படி இல்லை. அங்கே போய் 83 நாள் கொடு என்று நாம் கேட்பது நமக்கு இறங்கிவந்த பேச்சாகத் தெரிகிறது. அவர்கள் காதில் அது பட்டா கேட்பதாக விழுகிறது. வருஷம் முழுக்க வருகிறவன் 83 நாளாகக் குறைத்துக்கொள்கிறேன் என்கிறான், அப்படியானால் இந்தக் கடலில் அவனுக்குப் பங்கு இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போடவேண்டும், அதுதானே என்று அவர்கள் கேட்கிறார்கள். 83ஐ 40 ஆக்கினாலும் அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கும். இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் பேச்சு முட்டி நிற்கிறது.

அவர்கள் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று நம் பக்கம் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1983 முதல் 2009 வரை, 26 வருஷம், அந்தக் கடல் அவர்களுக்குப் பூட்டிக் கிடந்தது. இந்த இடம் பாதுகாப்பு வலயம், இந்த நேரத்துக்கு மேல் போகக்கூடாது, இத்தனை குதிரைசக்திக்கு மேல் எஞ்சின் கூடாது, பாஸ் இருந்தால்தான் போகலாம். கரையோரத்து ஊர்களையே காலி செய்து முகாமில் வைத்திருந்தார்கள். அதே வருஷங்களில்தான் நம் தீவில் படகு பெருகியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனோம் என்பதும் உண்மை, சுட்டார்கள் என்பதும் உண்மை, ஆனால் போனவர்கள் இறாலோடு வந்தார்கள். அந்தக் கடல் யாருமே இல்லாத கடல் என்று ஒரு தலைமுறை பழகிவிட்டது. அங்கே ஆள் இல்லாமல் போனது எதனால் என்று நாம் யாரும் வீட்டில் பேசியதில்லை. நம்முடைய நல்ல காலமும் அவர்களுடைய கெட்ட காலமும் ஒரே காலம். 2009க்குப் பிறகு அவர்கள் வட்டிக்கு வாங்கி ஃபைபர் படகும் வலையும் எடுத்துக்கொண்டு கடலுக்கு இறங்கினால், அங்கே நம் படகு நிற்கிறது. ராணுவம் போ என்றால் போய், வா என்றால் வந்த மனிதனிடம் இன்னும் மூன்று வருஷம் பொறு என்று நாமும் சொன்னால், அவனுக்கு அது எப்படிக் கேட்கும்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2023 மார்ச்சில் அப்பாவோடு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிலுவைப்பாதை முடிந்து எல்லோரும் மணலில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். நாங்கள் கொண்டுபோன முறுக்கைக் கொடுத்தோம், அவர்கள் தேங்காய்ப்பால் சேர்த்த ஏதோ பலகாரம் கொடுத்தார்கள், பிள்ளைகள் சேர்ந்து விளையாடின. அந்த வீட்டுப் பெரியவருக்கு அப்பா வயதுதான் இருக்கும். எந்த ஊர், என்ன தொழில் என்று பேச்சு வந்ததும் அப்பா விசைப்படகு டிரைவர் என்று சொன்னார். அந்த மனிதர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

அப்புறம் அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். “பிள்ளை, உங்கட சனத்தில எனக்குக் கோபம் இல்லை. தொண்ணூறில என்ர தாய் சகோதரத்தை மணல்திட்டில இறக்கிவிட்டிட்டுப் போயிட்டாங்கள். உங்கட ஆக்கள்தான் வள்ளத்தில ஏத்திக் கரை சேர்த்தவை. அதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன். அதுக்காண்டி, என்ர வலை போகேக்க நான் வாய் திறக்கக் கூடாதோ?”

அப்பா முதலில் எங்களுக்கும் வயிறு இருக்கிறதே என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அது அவருக்கே பிடிக்கவில்லை போல, நிறுத்திக்கொண்டார். பிறகு, எந்த இடத்தில் போச்சு வலை, எத்தனை துண்டு, என்ன கண்ணி என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இரண்டு பேரும் தொழில்காரர்களாகப் பேசினார்கள். நீரோட்டம், சேறு, கடலடியில் எந்தப் பாறைத்திட்டில் எந்த மாதம் என்ன படும், எல்லாம் பேசினார்கள். அப்பா ஒன்றை ஒத்துக்கொண்டார், அதை நான் அதுவரை கேட்டதில்லை. மடியைத் தூக்கும்போது சில நாள் அதில் யாருடைய வலையோ திரித்துக்கொண்டு வரும், நண்டு செத்தும் சாகாமலும் அதில் தொங்கும், பிரித்தெடுக்க நேரம் இருக்காது, கத்தியால் அறுத்துக் கடலில் விட்டுவிடுவோம், யாருடையது என்று நினைத்துப் பார்த்ததில்லை என்றார். அந்தப் பெரியவர் பணம் கேட்கவில்லை, சத்தம் போடவும் இல்லை. “இதை ஒருத்தரும் எங்களிட்ட வந்து சொன்னதில்லை அண்ணே,” என்றார். மறுநாள் திருப்பலி முடிந்து படகு ஏறும்போது ஜெட்டி வரை வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த ஒரு மணி நேரம் எந்தப் பேச்சுவார்த்தையிலாவது நடந்திருக்கிறதா, சொல்லுங்கள். நாள் கணக்கை எடுக்கும் முன்னால் உன் வலை எங்கே போச்சு, எத்தனை துண்டு போச்சு என்று நாம் கேட்டிருக்கிறோமா? அவர் இழந்ததை இழப்பு என்று ஒத்துக்கொள்ள ஒரு பைசா செலவில்லை, அதற்கு எந்த அரசின் அனுமதியும் வேண்டாம். ஆனால் அதைச் சொல்லத்தான் நமக்கு வாய் வருவதில்லை, சொன்னால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும், கோர்ட்டில் நம் பையன்களுக்கு எதிராகப் போய்விடும் என்று பயப்படுகிறோம். பயம் நியாயம்தான். ஆனாலும் சொல்லாமல் இருந்து நாம் எதைக் காப்பாற்றினோம் என்றும் பாருங்கள்.

அடுத்து, தொப்புள்கொடி உறவு. தயவுசெய்து இந்த வார்த்தையைக் கொஞ்ச காலத்துக்குப் பேச்சு மேசையில் எடுக்காதீர்கள். அது பொய் என்று சொல்ல வரவில்லை. மண்டபம் அகதி முகாமில் எனக்குச் சிநேகிதிகள் உண்டு, எங்கள் தெருவிலேயே கொடுத்து எடுத்த சம்பந்தம் உண்டு, அரிச்சல்முனையில் அகதிகள் வந்து இறங்கிய காலத்தில் நம் வீடுகளில் உலை வைத்துப் போட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அது நம் ஊரின் பெருமை. ஆனால் அந்த உறவை ஒரு கோரிக்கைக்கு முன்னால் வைத்தால், உறவுக்காரன் கேட்கிறேன், நீ இல்லை என்று சொல்லலாமா என்று ஆகிவிடுகிறது. கச்சத்தீவில் அந்தப் பெரியவர் கேட்டது இதைத்தான். நன்றிக்கடனை அவர் கழுத்தில் சுருக்காகப் போட்டுவிட்டு நாம் பேரம் பேசுகிறோம். சொந்தத் தமிழனிடமே சண்டை போடவேண்டியிருக்கிறதே என்ற வேதனை அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அது போதும்.

நம் பக்கத்து வலி எனக்குத் தெரியாதென்று நினைக்காதீர்கள். 2021 ஜனவரியில் நெடுந்தீவுக்கு அருகே ஒரே படகில் போன நான்கு பேரும் பிணமாக வந்தார்கள், அதில் ஒரு பையன் மண்டபம் முகாமில் வளர்ந்த இலங்கைத் தமிழன். அவன் எந்தப் பக்கத்து மீனவன் என்று அன்றைக்கு நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். 2024 ஆகஸ்டிலும் நம் ஆள் ஒருவர் இறந்தார். அந்தப் பக்கமும் சாவு உண்டு. 2022 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கரையூரான வத்திராயனில் இரண்டு மீனவர்கள் இறந்தபோது நம் படகு மோதித்தான் என்று சொல்லி அந்த ஊர்க்காரர்கள் நாள்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஜூனில் நம் படகைப் பிடிக்கும்போது அவர்கள் கடற்படைச் சிப்பாய் ஒருவர் இறந்தார். அவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். சாவுக்குச் சாவு என்று எண்ணிக்கை போட்டால் இது முடியாது. நம் ஊரில் இழவு வீட்டுக்குப் போனால் பங்காளிச் சண்டையைப் பேச மாட்டோம் இல்லையா, முதலில் கையை நீட்டித் துக்கம் விசாரிப்போம். வத்திராயனுக்கு நம் சங்கத்திலிருந்து யாராவது போய்த் துக்கம் கேட்டிருந்தால் வவுனியாவில் முகங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அதே மாதிரி நம் ஆட்களின் மானமும் இதில் இருக்கிறது. இதை வடக்குத் தலைவர்கள் யாராவது படித்தால் அவர்களும் கேட்கட்டும். எங்கள் தீவில் டிரைவர் என்பது ஒரு அந்தஸ்து. கோயில் வரியில், கல்யாணப் பேச்சில், தெருவில் நடந்து போகையில் அதற்கு மரியாதை உண்டு. இருட்டில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து இடம் சொல்கிற மனிதனைத் திருடன், கொள்ளைக்காரன் என்று சொல்லும்போது அவன் மடியை விடமாட்டான், இன்னும் இறுக்கித்தான் பிடிப்பான். 2017இல் ஆழ்கடல் திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய்ப் படகு, அரை பங்கு மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, மீதியில் கடனும் கைக்காசும், மூன்று வருஷத்தில் 2,000 படகை மாற்றுவோம் என்றார்கள். மாறியது கொஞ்சம்தான். காசு ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ராத்திரி போய் மறுநாள் காலையில் பிள்ளை முகம் பார்க்கிற தொழிலை விட்டுவிட்டு, வாரக்கணக்கில் கடலில் கிடந்து தூண்டிலில் சூரை பிடி என்றால் அது வேறு தொழில், வேறு வாழ்க்கை. நாற்பது வருஷம் டிரைவராக இருந்தவன் அங்கே போய்க் கற்றுக்குட்டியாக நிற்கவேண்டும். எங்கள் அப்பாவுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சிறுத்துவிடும். இதை எந்த அதிகாரியும் அந்தத் திட்டத்தில் எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பேச்சுக்குப் போகிறவர்களில் பெரும்பாலும் படகு உரிமையாளர்கள். பிடிபட்டு யாழ்ப்பாணம் சிறைக்குப் போகிறவர்கள் டிரைவரும் கூலிக்குப் போகும் பையன்களும். இரண்டு பேரையும் மீனவன் என்ற ஒரே சொல்லில் போடுகிறோம், ஆனால் படகு போய்விட்டதே என்று அழுகிறவருக்கும் மகன் போய்விட்டானே என்று அழுகிறவருக்கும் கேட்கவேண்டியது ஒன்றில்லை. பங்குத் தொழிலாளிகளில் ஒருவரை, பிடிபட்டவன் வீட்டுப் பெண் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் பக்கத்திலும் மீன் விற்கிற பெண்கள், கணவனைக் கடலில் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

வெளியே வந்ததும் மைக்கில் பேசுவதையும் பாருங்கள். உள்ளே சகோதரர்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கச்சத்தீவை மீட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறோம். வவுனியா பேச்சு முடிந்து சில நாளில், ஏப்ரல் 2ஆம் தேதி, நம் சட்டமன்றத்தில் கச்சத்தீவை மீட்கத் தீர்மானம் நிறைவேறியது. 1974இல் நம்மைக் கேட்காமல் கொடுத்தார்கள் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் 285 ஏக்கர் திட்டு நாளைக்கே கைக்கு வந்தாலும், நம் படகு போய் மடி விடுகிற இடம் அதையும் தாண்டி நெடுந்தீவுப் பக்கம், மன்னார்ப் பக்கம், முல்லைத்தீவு வரைக்கும் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அங்கே டிவி பார்க்கிறவனுக்கு நாம் தீவையும் கேட்கிறோம் கடலையும் கேட்கிறோம் என்றுதான் படும். 2024 பிப்ரவரியில் நம் டிரைவர்களுக்குச் சிறைத் தண்டனை கொடுத்ததைக் கண்டித்து அந்தோணியார் திருவிழாவையே புறக்கணித்தோம். கோபம் புரிகிறது. ஆனால் தண்டனை கொடுத்தது கோர்ட்டு, நாம் போகாமல் விட்டது அந்த மணலில் வந்து உட்கார்ந்திருந்த சனத்தைப் பார்க்க. இரண்டு நாட்டு மீனவக் குடும்பங்களும் பாஸ்போர்ட் இல்லாமல் சந்திக்கிற இடம் அது ஒன்றுதான். இனிமேல் எந்தக் கோபத்திலும் அதை மட்டும் மூடாதீர்கள்.

இழுவைமடியை நாளைக்கே நிறுத்துங்கள் என்று கரையில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னால் அது நியாயமில்லை. கடன் இருக்கிறது, நம் பக்கத்துக் கடல் குறுகல், நாட்டுப்படகுக்கு விட்டது போக எல்லைக்கோடு உடனே வந்துவிடுகிறது, எல்லாம் உண்மை. ஆனால் அந்த மடி ஒருநாள் நிற்கத்தான் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். சேற்றைக் கிளறி, சினையையும் குஞ்சையும் அள்ளி, பாதிக்குமேல் சங்காயமாக, அதாவது கழிவு மீனாக, கோழித் தீவனத்துக்குக் கொடுக்கிற தொழில் எத்தனை நாள் ஓடும்? அதனால் அடுத்த சுற்றில் முதல் வார்த்தையாக, இது உங்கள் கடல், நீங்கள் இல்லாத காலத்தில் நாங்கள் பழகிவிட்டோம் என்று சொல்லுங்கள். அப்புறம் இழுவைமடியை விட்டு வெளியே வர வழி கேளுங்கள். அவகாசம் வேண்டும் என்று அப்போது கேட்டால் அது வேறு மாதிரிக் கேட்கும். யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் இழுவைப்படகு ஓடுகிறதே என்று அந்த நேரத்தில் பதிலடி கொடுக்காதீர்கள், அதை அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கூட்டத்தை ஹோட்டல் ஹாலில் வைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். திங்கள், புதன், சனி நாம் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்குகிற நாள். அந்தப் பக்கத்துக் கரையூர்களில் பிள்ளைகளுக்குக்கூட இந்த மூன்று கிழமையும் மனப்பாடம், ஏனென்றால் அந்த ராத்திரிகளில் அப்பா வலை விடமாட்டார், வீட்டில்தான் இருப்பார். அதனால் ஒரு சனிக்கிழமை அங்கே போங்கள். கரையோர வீடு ஒன்றில் தங்குங்கள், சாப்பாடு போட்டால் சாப்பிடுங்கள். இருட்டியதும் அவர்களோடு கரையில் போய் நில்லுங்கள். நம் படகுகளின் வெளிச்சம் அங்கிருந்து பார்த்தால் ஒரு ஊர் மாதிரித் தெரியுமாம், கச்சத்தீவில் அந்தப் பெரியவரின் மருமகள் சொன்னாள். அதை நான் பார்த்ததில்லை, அப்பாவும் பார்த்ததில்லை, அவர் எப்போதும் அந்த வெளிச்சத்துக்குள்தான் இருந்தார். நீங்கள் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச உட்காருங்கள்.

அன்புடன்,
பாம்பன் தீவிலிருந்து ஒரு டிரைவரின் மகள்